போர்க்கால ஜீப்பின் பிரேக்கைப் புதுப்பித்த விதம்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப் ஒன்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் எஞ்சினுக்கு உயிர் கொடுக்கத்தான் பார்க்கிறார்கள். அது இயல்பான ஆசை. ஆனால் முதலில் கைவைக்க வேண்டிய இடம் பிரேக் என்பது என் உறுதியான கருத்து. எஞ்சின் நின்றுபோனால் வண்டி சாலையோரம் நிற்கும், அவ்வளவுதான். பிரேக்கின் கதை அப்படியல்ல. இந்த ஜீப்புகளில் பெடலை மிதிக்கும்போது பிரேக் திரவத்தைத் தள்ளும் ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்றாக அழுத்தம் போகிறது. இன்றைய கார்களில் உள்ளதுபோல ஒன்று கைவிட்டால் மற்றொன்று காப்பாற்றும் இரட்டைச் சுற்று அந்தக் காலத்தில் இல்லை. எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தாலும், சக்கரத்தில் பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டர் ஒன்று ஒழுகினாலும், நான்கு சக்கரங்களிலும் பிடிமானம் ஒருசேரப் போய்விடும்.

என்னிடம் இருப்பது 1943இல் ஃபோர்டு நிறுவனம் தயாரித்த ஜிபிடபிள்யூ. வில்லிஸ் நிறுவனத்தின் எம்பி ஜீப்பை அதே வரைபடங்களின்படி ஃபோர்டும் தயாரித்தது. 1941 முதல் 1945 வரை இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை வெளியிட்டன. 2.2 லிட்டர் கொள்ளளவும் 60 குதிரைத்திறனும் கொண்ட சைடு வால்வ் எஞ்சின், மூன்று கியர், எஞ்சினின் விசையை இரு அச்சுகளுக்கும் பிரிக்கும் இரண்டு வேக டிரான்ஸ்பர் கேஸ், ஆறு வோல்ட் மின்சாரம், ஒன்பது அங்குல டிரம் பிரேக்: வண்டியின் சுருக்கம் இவ்வளவே. இவற்றுள் எதையும் கழற்றிப் பூட்டுவதற்கு விசேஷக் கருவி பெரிதாக எதுவும் தேவைப்படுவதில்லை. அமெரிக்க இராணுவம் 1944இல் வெளியிட்ட டிஎம் 9-803 என்னும் பராமரிப்புக் கையேடு, அதற்கு முன் வண்டியின் அடிப்பாகத்தையே பார்த்திராத ஓர் இளம் சிப்பாய் திறந்தவெளியில் படுத்துக்கொண்டு படிப்பதற்காக எழுதப்பட்டது. ஆகவே அதில் அலங்காரம் இல்லை. எதை முதலில் கழற்ற வேண்டும், எதை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற வரிசை மட்டும் தெளிவாக இருக்கிறது. நான் வேலையைத் தொடங்கியது அந்தக் கையேட்டை விரித்துவைத்துத்தான், முடித்ததும் அதைப் பார்த்துத்தான்.

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே மூன்று எச்சரிக்கைகள் மனத்தில் நிற்க வேண்டும். முதலாவது, கை பிரேக்கை நம்பி ஜாக்கி போடக் கூடாது. இந்த ஜீப்பில் கை பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை; டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம், பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின் சக்கரங்களில் ஒன்று தரையை விட்டு எழும்பியவுடன் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்தரும் டிஃபரன்ஷியல் தன் வேலையைக் காட்டும்: ஷாஃப்ட் அசையாமல் நின்றாலும், தூக்கிய சக்கரம் ஒரு திசையில் சுற்ற, தரையிலுள்ள சக்கரம் எதிர்த் திசையில் உருளும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். எனவே தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, அச்சுக்கடியில் உறுதியான ஸ்டாண்டு கொடுத்த பிறகே எதையும் தொட வேண்டும்.

இரண்டாவது, இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகள் இடது மரை கொண்டவை. வழக்கமான திசையில் கழற்ற முயன்றால் அவை மேலும் இறுகும். நீளமான குழாயைச் செருகிப் பலத்தைக் கூட்டினால் ஸ்டட் முறியும். பழைய வண்டிகளில் முறிந்த ஸ்டட்டுகளுக்குப் பதிலாகப் பின்னால் வந்தவர்கள் வலது மரை ஸ்டட்டைச் செருகியிருப்பதும் உண்டு என்பதால், ஒவ்வொரு நட்டையும் தனித்தனியே பார்த்துத்தான் ஸ்பேனரை வைக்க வேண்டும்.

மூன்றாவது எச்சரிக்கை உயிர் சம்பந்தப்பட்டது. போர்க்கால ஜீப்புகள் பலவற்றில் இருக்கும் காம்பாட் ரிம், இரண்டு பாதிகளைப் போல்ட் போட்டு இணைத்த அமைப்பு. முன்னிருந்து பார்த்தால் இரண்டு வட்டங்களாக நட்டுகள் தெரியும். உள்வட்டத்தில் உள்ள ஐந்து நட்டுகள் சக்கரத்தை அச்சின் முனையிலுள்ள ஹப்போடு சேர்ப்பவை. வெளிவட்டத்தில் உள்ளவை ரிம்மின் இரு பாதிகளைப் பிணைத்து வைத்திருப்பவை. டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்ட நட்டுகளைக் கழற்றினால் இரு பாதிகளும் வெடித்துப் பிரிந்து எதிரில் நிற்பவரைக் கொன்றுவிடக் கூடும். டயரைக் கழற்ற வேண்டியிருந்தால் வால்வின் உள்முள்ளையே எடுத்துவிட்டு, காற்று முழுவதும் இறங்கியதை உறுதிசெய்த பிறகே அந்த நட்டுகளைத் தொட வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் மிகையில்லை. பிரேக் வேலைக்கு டயரைக் கழற்ற வேண்டியதே இல்லை என்பதால் நான் வெளிவட்டத்தில் ஸ்பேனர் படவே விடவில்லை.

பின் அச்சிலிருந்து தொடங்கினேன். இந்த அச்சு முழு மிதவை வகையைச் சேர்ந்தது. அதாவது வண்டியின் எடையை அச்சுக் குழாயே தாங்குகிறது, உள்ளே ஓடும் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்றும் வேலையை மட்டும் செய்கிறது. ஹப்பின் முகத்திலுள்ள ஆறு போல்ட்டுகளைக் கழற்றினால் ஷாஃப்ட் நேராக வெளியே வந்துவிடும், சக்கரம் தரையில் இருந்தாலும்கூட. ஷாஃப்டுக்குப் பின்னால் பேரிங்கைப் பிடித்திருக்கும் வெளி நட்டு, அது தளராமலிருக்க மடித்துவிட்ட வாஷர், உள் நட்டு ஆகியவை வரிசையாக வரும். அவற்றை எடுத்த பின் ஹப்பும் டிரம்மும் ஒன்றாகவே கழன்று வரும்.

வலப்பக்க டிரம் வந்தவுடன் கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது. டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங்கின் கீழ்ப்பாதி கருத்துப் பளபளத்தது. விரலால் தொட்டால் கியர் ஆயிலின் கந்தக வாடை. அச்சுக் குழாயின் உள்ளே இருக்க வேண்டிய ஆயில் சீல் இறுகி உதடு தேய்ந்துபோனதால் டிஃபரன்ஷியலின் எண்ணெய் குழாய் வழியாகவே வந்து, பேரிங்கின் கிரீஸைக் கரைத்து, ஹப்பின் சீலையும் கடந்து லைனிங்கை நனைத்திருந்தது. எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியோ தீயில் காட்டியோ மீட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். மேற்பரப்பு உலர்ந்ததுபோலத் தெரியும், நாலு முறை பிரேக் பிடித்துச் சூடானதும் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி வெளியே வரும். மாற்றுவதொன்றே வழி, அதுவும் ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும் என்பதால் ஓர் அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். எண்ணெய் வந்த வழியை அடைக்காமல் லைனிங்கை மாற்றுவதில் பயனில்லை. ஆகவே உள் சீல், ஹப் சீல் இரண்டையும் புதிதாகப் போட்டு, டிஃபரன்ஷியலின் காற்றுத் துளையையும் சேறு நீக்கித் திறந்துவிட்டேன். அது அடைபட்டிருந்தால், சூடேறும் காற்று வெளியேற வழியின்றி எண்ணெயைச் சீலின் மேல் தள்ளும்.

அந்தக் காலத்து லைனிங்குகளிலும் கிளச் தட்டுகளிலும் பல கேஸ்கெட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டிரம்முக்குள் இருக்கும் கருந்தூசியைக் காற்று அடித்தோ பிரஷ்ஷால் தட்டியோ சுத்தம் செய்வது நுரையீரலுக்கு நாமே தேடும் கேடு. தகுந்த முகக்கவசம் அணிந்து, தூசியை ஈரமாக்கித் துணியால் துடைத்து, துணியையும் பழைய லைனிங்கையும் உறையில் கட்டி, அபாயக் கழிவுக்கான முறையில் ஒப்படைத்தேன். இராணுவ வண்டிகளின் பழைய பெயிண்டில் ஈயமும், சில மீட்டர்களின் ஒளிரும் முட்களிலும் எண்களிலும் ரேடியமும் இருக்கக்கூடும் என்பதால் பெயிண்டை உலர்வாகத் தேய்ப்பதையும், மீட்டரின் கண்ணாடியைத் திறப்பதையும் நான் செய்வதில்லை.

இனி வீல் சிலிண்டர்கள். முன் சக்கரங்களுக்கு ஒரு அங்குல விட்டமுள்ளவையும் பின் சக்கரங்களுக்கு முக்கால் அங்குல விட்டமுள்ளவையும் பொருத்தப்பட்டிருக்கின்றன; பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் லைனிங்கைத் தாங்கும் முன் ஷூக்களுக்கு அதிக அழுத்தம் போக வேண்டும் என்பதே காரணம். முன்னும் பின்னும் மாறிப் போய்விடக் கூடாது என்பதற்காகக் கழற்றும்போதே ஒவ்வொன்றிலும் அடையாளச் சீட்டுக் கட்டினேன். மூன்று சிலிண்டர்களில் பிஸ்டன்கள் கட்டை விரல் அழுத்தத்துக்கே வழுக்கி வெளியே வந்தன. இடப்பக்கப் பின் சிலிண்டரின் பிஸ்டன் மட்டும் அசையவில்லை. துருவை இளக்கும் எண்ணெயில் ஊறவைத்து, பக்கவாட்டில் சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்டித் தட்டி, பிறகு மரக்குச்சி ஒன்றை எதிர்த் துளையில் வைத்து அழுத்தியபோதுதான் அது இடம்விட்டு நகர்ந்தது. அதன் பின்னாலிருந்து தேநீர் நிறத்தில் ஒரு கலங்கல் சொட்டியது. பழைய பிரேக் திரவமும் அது காற்றிலிருந்து உறிஞ்சிய ஈரமும் சேர்ந்த கசடு. சிலிண்டரின் அடிப்பக்கச் சுவரில் நகம் பதியும் அளவுக்குத் துருக் குழிகள் இருந்தன. குழிகள் மேலோட்டமாக இருந்தால் ஹோன் என்னும் உரைகல் கருவியால் தேய்த்துச் சமன்செய்யலாம். இவ்வளவு ஆழமானவற்றை ஹோனால் எடுக்கப் போனால் விட்டம் பெரிதாகி ரப்பர் கப் தளர்ந்துவிடும்.

இந்த இடத்தில் புதிய சிலிண்டரை வாங்கிப் பூட்டுவதா, பழையதைக் காப்பதா என்ற கேள்வி வரும். நான் பழையதைக் காக்கும் கட்சி. பழைய வார்ப்பைக் கடைந்து உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் இறக்கி, மீண்டும் மூல விட்டத்துக்குக் கொண்டுவர முடியும். அதன் பின் அந்தச் சுவரில் துரு ஏறாது. வார்ப்பின் மேல் உள்ள அடையாளங்களும் அப்படியே பிழைத்திருக்கும். பாதுகாப்பில் சமரசம் இல்லாமல் மூலப் பொருளையும் காப்பாற்றும் வழி இருக்கும்போது அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ரப்பர் பாகங்களைப் பொறுத்தவரை இந்த எண்ணத்துக்கு இடமே இல்லை. கப்புகள், தூசி மறைப்புகள், ஹோஸ்கள் எல்லாம் புதியவை. பழைய ஹோஸ் ஒன்றை அறுத்துப் பார்த்தேன்: வெளியே நல்ல ரப்பர்போல இருந்தது, உள்ளே புடைத்து ஊசி நுழையும் துளையே மிச்சமிருந்தது. அத்தகைய ஹோஸ் வழியாகப் பெடலின் அழுத்தம் திரவத்தை உள்ளே தள்ளிவிடும். பெடலை விட்ட பின் ஷூவின் ஸ்பிரிங்கால் அதைத் திருப்பி அனுப்ப முடியாது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருப்பதற்கு ஸ்பிரிங்கைக் குறைசொல்பவர்கள் முதலில் ஹோஸைச் சோதிக்க வேண்டும்.

எஃகுக் குழாய்களைச் செப்பு-நிக்கல் கலவைக் குழாய்களால் மாற்றினேன். துரு பிடிக்காது, கையால் வளைக்கலாம், முனையில் இரட்டை மடிப்பு அழகாக உட்காரும். வெறும் செம்புக் குழாய் அதிர்விலேயே இறுகி வெடித்துவிடும் என்பதால் அதைப் பிரேக்குக்குப் பயன்படுத்தக் கூடாது. இணைப்புகளின் மரைகள் அனைத்தும் அமெரிக்க அங்குல அளவு. கைக்குக் கிடைத்த மெட்ரிக் நட்டை வலிந்து திருகினால் இரண்டு சுற்று போவதுபோலப் போய், வார்ப்பின் மரையையும் கெடுத்துவிடும்.

எந்தத் திரவத்தை ஊற்றுவது என்பதில் இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. வழக்கமான கிளைக்கால் வகை ஈரத்தை உறிஞ்சும். அதனால் கொதிநிலை குறையும், உள்ளே துரு ஏறும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். டாட் 5 எனப்படும் சிலிக்கோன் வகை ஈரத்தை உறிஞ்சாது, பெயிண்டையும் அரிக்காது. நீண்ட காலம் கிடங்கில் நிற்கும் வண்டிகளை மனத்தில் வைத்து அமெரிக்க இராணுவமே 1980களின் தொடக்கத்தில் இதற்கு மாறியது. குறையும் இதற்கு உண்டு: நுண்ணிய காற்றுக் குமிழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பெடல் சற்றே மென்மையாக இருக்கும், கிளைக்காலோடு ஒரு துளிகூடக் கலக்கக் கூடாது. அதோடு, எப்படியாவது உள்ளே புகுந்துவிட்ட தண்ணீர் இதில் கரையாமல் தாழ்வான இடத்தில், அதாவது வீல் சிலிண்டரிலேயே தங்கும். மாதக்கணக்கில் நின்று, எப்போதாவது ஓடும் என் வண்டிக்கு நான் சிலிக்கோனையே தேர்ந்தெடுத்தேன். எல்லாக் குழாய்களும் கப்புகளும் புதியவை என்பதால் பழைய திரவத்தின் மிச்சம் கலக்கும் என்ற அச்சமும் இல்லை. நாள்தோறும் ஓடும் வண்டிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, சேறும் தண்ணீரும் நேராகத் தெறிக்கும் இடத்தில் இருக்கிறது. திரவம் ஊற்றுவதற்குத் தரையிலுள்ள சிறு மூடியைத் திறக்க வேண்டும். அப்போது அதைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைக்காமல் திறந்தால் அத்தனையும் உள்ளே விழும். இதன் உட்பாகங்களை மாற்றுவது அரைமணி நேர வேலை. முக்கியமானது அதன்பின் பெடலில் விட வேண்டிய அரை அங்குல வெற்றசைவு. பெடல் முழுதாகத் திரும்பியிருக்கும்போது பிஸ்டனின் கப், சிலிண்டர் சுவரிலுள்ள மிகச் சிறிய துளையைத் தாண்டிப் பின்னால் நிற்க வேண்டும். சூட்டில் விரியும் திரவம் அந்தத் துளை வழியாகத்தான் தொட்டிக்குத் திரும்புகிறது. வெற்றசைவு இல்லாமல், பெடலையும் பிஸ்டனையும் இணைக்கும் தண்டை நீட்டி வைத்தால் கப் அந்தத் துளையை மூடிவிடும். வண்டி முதல் சில கிலோமீட்டர்கள் ஒழுங்காக ஓடும், பிறகு பிரேக் தானாகவே இறுகும், டிரம் சூடாகும், சூடாக ஆக மேலும் இறுகும்.

ஷூக்களைப் பூட்டும்போது கீழே உள்ள மையம் விலகிய ஊசிகளும் மேலே உள்ள கேம்களும் சேர்ந்து லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடையிலான இடைவெளியைத் தீர்மானிக்கின்றன. புதிய லைனிங் போட்டால் மட்டுமே கீழ் ஊசிகளைத் தொட வேண்டும். கீழ்முனையில் இடைவெளி குறைவாகவும் மேல்முனையில் சற்று அதிகமாகவும் வரும்படி இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜால் பார்த்து அமைக்க வேண்டும். வழக்கமான தேய்மானத்துக்கு மேல் கேம்கள் போதும். பேரிங்குகளைக் கழுவி, உருளைகளுக்கிடையே கிரீஸ் பிதுங்கி வரும்வரை உள்ளங்கையால் அழுத்தி ஏற்றினேன். உள் நட்டைச் சக்கரம் சுற்றக் கடினப்படும்வரை இறுக்கி, பிறகு ஏறத்தாழ ஆறில் ஒரு சுற்றுத் தளர்த்தி, வாஷரை மடித்து, வெளி நட்டைப் பூட்டியதும் சக்கரம் ஆட்டமின்றி இலகுவாகச் சுழன்றது.

இந்த வேலையின் ஊடே கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபோர்டு தன் போல்ட்டுகளின் தலையிலும் பல பாகங்களிலும் எஃப் என்னும் எழுத்தைப் பதித்தது. என் ஜீப்பின் வலப்பக்க பிரேக் தகட்டைப் பிடித்த போல்ட்டுகளில் எல்லாம் அந்த எழுத்து இருக்கிறது. இடப்பக்கத்தில் ஒன்றில்கூட இல்லை. இரண்டு நிறுவனங்களின் பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதால் இராணுவப் பணிமனைகளில் கைக்கு வந்ததைப் பூட்டி வண்டியை அனுப்பினார்கள். கண்காட்சிக்காக ஒவ்வொரு போல்ட்டையும் எஃப் போல்ட்டாக மாற்றுபவர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் இடப்பக்கத்தில் யாரோ ஒருவர் பணியில் இருந்தபோது செய்த பழுதுபார்ப்பும் இந்த வண்டியின் வரலாறுதான். அந்தப் போல்ட்டுகளைத் துடைத்து, மரை நன்றாக இருப்பதைப் பார்த்து, அதே இடத்தில் திரும்பப் பூட்டினேன்.

பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை எடுக்கும் வேலையை மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள வலப்பக்கப் பின் சக்கரத்திலிருந்து தொடங்கி, மிக அருகிலுள்ள இடப்பக்க முன் சக்கரத்தில் முடித்தேன். சிலிக்கோன் திரவத்தை வேகமாக ஊற்றினாலும் பெடலை வேகமாக மிதித்தாலும் அது நுரைத்துவிடும்; மெல்ல ஊற்றி, மெல்ல மிதித்து, ஓரிரவு விட்டு, மறுநாள் மீண்டும் ஒரு சுற்று எடுத்தபோது பெடல் கெட்டியானது. பிறகு பெடலைப் பலமாக மிதித்துப் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் தாளால் ஒற்றிப் பார்த்தார். முன்பக்க இணைப்பு ஒன்றில் ஈரம் தெரிந்தது. கால் சுற்று இறுக்கியதும் நின்றது.

பிரேக் விளக்கின் சுவிட்ச் இந்தத் திரவத்தின் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. சுவிட்ச் சரியாக இருந்தும் விளக்கு மங்கலாகவே எரிந்தது. ஆறு வோல்ட் வண்டிகளில் இது வழக்கமான குறை. அதே வெளிச்சத்துக்குப் பன்னிரண்டு வோல்ட்டில் தேவைப்படுவதைப்போல் இரு மடங்கு மின்னோட்டம் ஓட வேண்டியிருப்பதால், இணைப்பில் உள்ள சிறு துருவும் பெரிய இழப்பாகிவிடும். விளக்கின் கூடு பாடியைத் தொடும் இடத்திலும், பாடி சேஸிஸைத் தொடும் இடத்திலும் பெயிண்டை ஈரமாக்கிச் சுரண்டிப் பளிச்சென்று உலோகம் தெரியவைத்து எர்த் பட்டையை இறுக்கியதும் விளக்கு தெளிவாக எரிந்தது. இந்தக் குறைக்காக வண்டியையே பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். தடிமனான கேபிளும் சுத்தமான எர்த்தும் இருந்தால் அதற்கு அவசியமே இல்லை.

முதல் ஓட்டத்தை ஆளில்லாத சமதளத்தில், நடை வேகத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் சற்று வேகம் கூட்டிப் பிடித்துப் பார்த்தேன். வண்டி நேராக நின்றது. டாஷ்போர்டில் உள்ள தகடு அதிகபட்சம் மணிக்கு 65 மைல் என்று சொல்கிறது. ஒன்பது அங்குல டிரம்மை நம்பி நான் அதில் பாதியைச் சற்றுத் தாண்டுவதோடு சரி. இன்றைய கார் நிற்கும் தூரத்தில் இந்த ஜீப் நிற்காது, ஆகவே முன்னால் போகும் வண்டிக்கு விடும் இடைவெளியே இதன் இரண்டாவது பிரேக் சுற்று. நிறுத்தியதும் இறங்கி நான்கு ஹப்புகளையும் புறங்கையால் தொட்டேன். வழியில் நிற்கும்போதெல்லாம் ஹப்பையும் டிரம்மையும் தொட்டுச் சூடு பார்க்கும்படி கையேடு கூறுகிறது. புறப்படும் முன், ஓடும்போது, நிற்கும்போது, வந்து சேர்ந்த பின், வாரம் ஒருமுறை என்று அது வகுத்துள்ள சோதனைகளில் இதுவும் ஒன்று. மூன்று ஹப்புகள் வெதுவெதுப்பாக இருந்தன, இடப்பக்க முன் ஹப் மட்டும் கூடுதல் சூடு. மேல் கேமை ஒரு சிறு அளவு தளர்த்தியதும் அடுத்த ஓட்டத்தில் நான்கும் ஒரே சூட்டுக்கு வந்தன.

சக்கர நட்டுகளை முதல் ஓட்டத்துக்குப் பிறகு மீண்டும் இறுக்கினேன். புதிதாகப் பூட்டிய எதுவும் ஒருமுறை அமர்ந்த பிறகு சற்று இடம்கொடுக்கும். அடியைத் துடைக்கும்போது ஸ்பிரிங் ஷாக்கிள் ஒன்றின் கிரீஸ் நிப்பிளைச் சுற்றி, பெயிண்ட் அடுக்குகளுக்குக் கீழே, சிவப்பு வளையம் ஒன்றின் மிச்சம் தெரிந்தது. கிரீஸ் போட வேண்டிய இடம் எதுவும் தவறிவிடாதிருக்க இராணுவம் நிப்பிள்களைச் சுற்றிச் சிவப்பு வளையமிட்டது. மற்ற நிப்பிள்களுக்கும் அதே வளையத்தைத் தீட்டிவிட்டேன். கையேட்டின் அட்டவணைப்படி அவற்றுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் போட வேண்டும். என் வண்டி ஓராண்டில் அவ்வளவு ஓடாது என்பதால் நாள்காட்டியை வைத்துப் போடுகிறேன். முன் அச்சின் ஸ்டியரிங் நக்கிள்களில் கம்பளிச் சீல்கள் தேய்ந்து கிரீஸ் கசியத் தொடங்கியிருக்கிறது. அந்தக் கசிவு புதிய லைனிங்கைத் தொடுவதற்குள் அவற்றை மாற்றியாக வேண்டும். சீல்கள் வந்துவிட்டன, அடுத்த வேலை அதுதான்.